வாரம் ஒரு பென்னி, வாரம் ஒரு கேள்வி

விசுவாசத்தில் நிலைத்திருத்தல் என்பது தமிழ்த் திருச்சபைகளில் அடிக்கடி கேட்கப்படும் சொற்றொடர் என்றாலும், எதில் நிலைத்திருப்பது, எதைப் பற்றிக்கொண்டு நிலைத்திருப்பது என்பதைக் கேட்போர் தாமாகவே விளங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. இதற்குச் சொற்களே ஓரளவு காரணமாகும். சீர்திருத்தத் திருச்சபைகள் வழங்கிவரும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில், கடவுளைப் பற்றிக்கொள்ளும் உறுதி 'விசுவாசம்' என்றும், இனி வரவிருப்பதை எதிர்பார்த்திருக்கும் மனநிலை 'நம்பிக்கை' என்றும் குறிக்கப்பட்டன. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்திலோ முதலாவது 'நம்பிக்கை' ஆகவும், இரண்டாவது 'எதிர்நோக்கு' ஆகவும் மாறின. ஒரே தெருவில் வாழும் இரு சபையார் 'நம்பிக்கை' என்ற ஒரே சொல்லை இரு வேறு பொருளில் படித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது வியப்புக்குரியது.

விசுவாசம் எவ்வாறு குணமாக முதிர்கிறது என்பதைப் பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் ஐந்தாம் அதிகாரம் ஒரு சங்கிலித் தொடராகக் காட்டுகிறது. துன்பத்திலிருந்து பிறப்பதாக அங்கே சொல்லப்படும் முதற் பண்பு, கிரேக்க மூலத்தில் 'ஹுபொமொனே' எனப்படுகிறது. 'கீழ்' என்றும் 'தங்கு' என்றும் பொருள்படும் இரு சொற்கள் சேர்ந்த இந்தச் சொல்லுக்கு, சுமையை இறக்கி வைத்துவிட்டு ஓடாமல் அதன் கீழேயே நிற்பது என்பது நேர்ப்பொருளாகும். பழைய மொழிபெயர்ப்பு இதைப் 'பொறுமை' என்றது. ஆனால் இன்றைய தமிழ்க் காதுக்குப் பொறுமை என்பது பேருந்துக்குக் காத்திருப்பவரின் குணமாகவே ஒலிப்பதால், திருவிவிலியம் தேர்ந்த 'மனவுறுதி' என்ற சொல் மூலத்துக்குச் சற்று நெருக்கமானது எனலாம். அடுத்து வரும் 'டொகிமே' என்ற சொல், புடத்திலிட்டு எடுத்த பொன்னைப் போலச் சோதிக்கப்பட்டுத் தேறிய நிலையைக் குறிக்கிறது. பழைய மொழிபெயர்ப்பின் 'பரீட்சை' என்ற சொல்லைப் பள்ளித் தேர்வாக எண்ணிக்கொள்ளும் வாசகர், சொல்லப்படுவது தேர்வு அன்று, தேறியவரின் தகுதி என்பதைத் தவறவிட்டுவிடுவார்.

பவுலின் சங்கிலி படிகளைக் காட்டுகிறதேயன்றி, நிலத்தை உழுதும் நூலை நூற்றும் கடையில் பொருள் விற்றும் வாழும் ஒரு சாதாரண மனிதர் திங்கள் முதல் சனி வரையிலான நாள்களில் அப்படிகளை எவ்வாறு ஏறுவார் என்பதை விரித்துரைக்கவில்லை. பிற்காலத் திருச்சபை இந்த இடைவெளியை நிரப்பப் பல ஏற்பாடுகளைச் செய்து பார்த்தது. ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியில் பெனடிக்ட் எழுதிய துறவு விதிமுறை, 73 அதிகாரங்களில் உணவு, உறக்கம், உழைப்பு, மன்றாட்டு ஆகிய அனைத்துக்கும் நேரம் வகுத்ததோடு, சேர்ந்த மடத்தை விட்டு நீங்காமல் வாழும் நிலைபேற்றையும் ஒரு வாக்குறுதியாகவே ஆக்கியது. எனினும் அது மடத்து மதிலுக்குள் வாழ்வோருக்கு உரியது. குடும்பமும் கடனும் முதலாளியும் உள்ள ஏழை உழைப்பாளிகளுக்கு அத்தகைய ஏற்பாடு ஒன்று பெரிய அளவில் செய்து பார்க்கப்பட்ட களங்களுள், வரலாற்றுப் பதிவு மிகத் தெளிவாக உள்ள களம் 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து. அதைச் செய்தவர் ஜான் வெஸ்லி.

1703இல் ஒரு குருவானவரின் மகனாகப் பிறந்து, ஆக்ஸ்ஃபோர்டில் கற்று, அங்கேயே கற்பித்தும் வந்த வெஸ்லி, தம் தம்பி சார்லஸ் முதலான சிலருடன் கூடி, குறித்த நேரத்தில் செபம், வேத வாசிப்பு, நோன்பு, சிறைச்சாலைச் சந்திப்பு என்று ஒழுங்கு தவறாமல் வாழ்ந்ததைக் கண்ட மற்ற மாணவர்கள் கேலியாகச் சூட்டிய பெயரே 'மெதடிஸ்ட்', அதாவது முறைமைக்காரர், என்பது. முறைமை இருந்தும் உறுதி இல்லை என்பதை அவர் கடலில்தான் உணர்ந்தார். 1736 ஜனவரியில் அமெரிக்காவின் ஜார்ஜியாவை நோக்கிச் சென்ற கப்பல் புயலில் சிக்கியபோது, ஆங்கிலேயப் பயணிகள் அலறிக்கொண்டிருக்க, ஜெர்மானிய மொரேவியச் சபையார் மட்டும் பெண்களும் பிள்ளைகளுமாகத் தாம் தொடங்கிய சங்கீதத்தை நிறுத்தாமல் பாடி முடித்தனர். தம்மிடம் இருந்த அச்சமும் அவர்களிடம் இல்லாத அச்சமும் அவருடைய நாட்குறிப்பில் பதிவாயின.

இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1738 மே 24 அன்று, லண்டனில் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த ஒரு கூட்டத்தில், ரோமர் நிருபத்துக்கு மார்ட்டின் லூதர் எழுதிய முன்னுரை வாசிக்கப்பட்டபோது தம் உள்ளம் வழக்கத்துக்கு மாறாக இதமுற்றதாக வெஸ்லி எழுதினார். பிரசங்க மேடைகளில் இந்த நிகழ்ச்சி ஓயாமல் எடுத்துரைக்கப்படுகிறது. அடுத்த ஜனவரியிலேயே, தாம் இன்னும் கிறிஸ்தவராகவில்லை என்று அதே மனிதர் அதே நாட்குறிப்பில் எழுதியிருப்பது அவ்வளவாக எடுத்துரைக்கப்படுவதில்லை. உணர்ச்சி வந்தது, போகவும் செய்தது. ஆகவே வெஸ்லியின் பின்னைய ஏற்பாடுகளை அந்த ஒரு மாலைப்பொழுதின் விளைவாகக் காண்பதைவிட, அந்த மாலைப்பொழுது மட்டும் போதாது என்று அவர் கண்டுகொண்டதன் விளைவாகக் காண்பதே பொருத்தமாகும்.

1739 வசந்த காலத்தில் தம் நண்பர் ஜார்ஜ் விட்ஃபீல்ட் அழைத்ததை ஏற்று வெஸ்லி பிரிஸ்டல் நகருக்குச் சென்று திறந்த வெளியில் பிரசங்கிக்கத் தொடங்கினார். அது அடிமை வாணிகத்தில் செழித்த துறைமுகம். அதை அடுத்த கிங்ஸ்வுட்டில் இருந்த நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகளோ கோயில் வாசலை அறியாதவர்கள், மலிவான சாராயத்துக்குப் பழகியவர்கள் என்று பெயரெடுத்திருந்தார்கள். ஆயிரக்கணக்கில் திரண்டு கேட்ட அவர்களில் ஒரு பகுதியினர் 'சங்கம்' என்ற பெயரில் கூடலாயினர். அவர்களுக்காக அந்த ஆண்டே 'புதிய அறை' என்னும் கட்டடம் எழும்பியது. கூடவே கட்டடக் கடனும் எழும்பியது.

அந்தக் கடன்தான் எதிர்பாராத ஒரு கதவைத் திறந்தது. 1742 பிப்ரவரி 15 அன்று கடனை அடைக்கும் வழியைப் பற்றி சங்கத்தார் பேசிக்கொண்டிருந்தபோது, கடலோடியான கேப்டன் ஃபோய், ஒவ்வோர் உறுப்பினரும் வாரம் ஒரு பென்னி தர வேண்டும் என்றார். பவுனுக்கு 240 பென்னி என்பது அக்காலக் கணக்கு. அந்த ஒரு பென்னியும் பலரால் இயலாது என்று மறுப்பு எழுந்தபோது, மிக ஏழைகளாகப் பதினொருவரைத் தம் பெயரில் எழுதிக்கொள்ளும்படியும், அவர்கள் தந்தால் பெற்றுக்கொள்வதாகவும், தராவிட்டால் அவர்களுக்கும் சேர்த்துத் தாமே கட்டிவிடுவதாகவும் அவர் ஒப்புக்கொண்டார். மற்றவர்களும் அவ்வாறே ஆளுக்குப் பதினொரு அண்டை வீட்டாரை ஏற்றுக்கொள்ள, சங்கம் பன்னிரண்டு பேர் கொண்ட சிறு குழுக்களாகப் பிரிந்தது. இக்குழுவே 'வகுப்பு' எனப்பட்டது. பள்ளி வகுப்புக்கும் இதற்கும் தொடர்பில்லை, பகுப்பு என்ற பொருளே இங்கு முதன்மையானது.

காசு வாங்கப் போனவர்கள் கண்டதே செய்தியாயிற்று. வாரந்தோறும் வீட்டு வாசலில் நின்றவர்கள், ஞாயிறன்று உருக்கமாகப் பாடிய ஒருவர் புதனன்று குடித்துக் கிடப்பதையும், இன்னொருவர் மனைவியோடு சண்டையிட்டுக்கொண்டிருப்பதையும் கண்டுவந்து சொன்னார்கள். நெடுநாளாகத் தாம் தேடிக்கொண்டிருந்தது இதுவே என்று வெஸ்லிக்கு உடனே பட்டது: தண்டல்காரரே மேய்ப்பராகலாம். வகுப்புத் தலைவர் ஒவ்வோர் உறுப்பினரையும் வாரம் ஒருமுறை கண்டு, அவருடைய ஆத்துமா எப்படி இருக்கிறது என்று விசாரித்து, நிலைமைக்கு ஏற்ப ஆறுதலோ அறிவுரையோ கண்டிப்போ கூற வேண்டும் என்று விதிக்கப்பட்டது. வீடுவீடாகச் செல்வதில் விரைவிலேயே நடைமுறைத் தொல்லைகள் முளைத்தன. தலைவர்களும் உழைத்துப் பிழைப்பவர்கள் என்பதால் நேரம் போதவில்லை. முதலாளி வீட்டில் தங்கி வேலைசெய்த பலரைச் சந்திக்க எசமானர்கள் இடம் தரவில்லை. ஒருவர் சொன்னதை மற்றவர் மறுத்தபோது இருவரையும் ஒன்றாக வைத்துக் கேட்டாலன்றி உண்மை தெரியவில்லை. ஆகவே பன்னிரண்டு பேரும் வாரம் ஒருநாள் ஓரிடத்தில் கூடுவது வழக்கமாயிற்று. தலைவர் முதலில் தம்முடைய வாரத்தைப் பற்றிச் சொல்லிவிட்டே மற்றவர்களைக் கேட்பார். அந்தத் தலைவர்களுள் பெண்கள் பலர் இருந்தனர் என்பது அந்தக் காலத்துக்குச் சாதாரணமானதன்று.

என்ன கேட்கப்பட்டது என்பதை 1743இல் வெளியிடப்பட்ட பொது விதிகள் காட்டுகின்றன. தீமை செய்யாதிருத்தல், இயன்றவரை நன்மை செய்தல், கடவுள் ஏற்படுத்திய நியமங்களைக் கைக்கொள்ளுதல் என்று அவை மூன்று தலைப்பில் அமைந்திருந்தன. தலைப்புகள் பொதுவானவை, அவற்றின் கீழ் வரும் பட்டியலோ சந்தைத் தெருவுக்குள் நேரே இறங்கிவிடுகிறது. சுங்கம் கட்டாத கள்ளச் சரக்கை வாங்கவோ விற்கவோ கூடாது. திருப்பித் தரும் வாய்ப்பில்லாமல் கடன் வாங்கக் கூடாது. வாங்கும்போதும் விற்கும்போதும் பேச்சை வளர்க்கக் கூடாது. கடைசியாகச் சொன்னது தமிழர் பேரம் என்று அழைக்கும் கலையைத்தான் குறிக்கிறது. பேரத்தில் என்ன பாவம் என்று கேட்கத் தோன்றலாம். ஆனால் வாங்க நினைப்பவர் பொருளைக் குறைத்துச் சொல்வதும் விற்பவர் கூட்டிச் சொல்வதுமாக நாள்தோறும் நூறு சிறு பொய்கள் புழங்கும் இடம் அது என்பதை எண்ணும்போது, குணம் பெரிய சோதனைகளில் உடைவதற்கு முன் இத்தகைய சிறு இடங்களில் தேய்கிறது என்று அவ்விதியை வகுத்தவர் கருதியதில் வியப்பில்லை. வேதத்தில் கள்ளத்தராசு கண்டிக்கப்படுவதும் இதே வரிசையில் வைத்துப் பார்க்கத்தக்கது.

இந்த ஏற்பாட்டின் விளைவை மெருகூட்டாமல் காட்டும் ஆவணம், 1743 மார்ச்சில் நியூகாசில் சங்கத்தை ஆராய்ந்தபின் வெஸ்லி நாட்குறிப்பில் எழுதிவைத்த கணக்காகும். சங்கத்திலிருந்து நீக்கப்பட்டவர் 64 பேர். அவர்களில் குடிவெறிக்காக 17 பேர், சாராயம் விற்றதற்காக 2 பேர், சபித்தலுக்கும் ஆணையிடுதலுக்குமாக 2 பேர், ஓய்வுநாளை வழக்கமாக மீறியதற்காக 2 பேர், சண்டை சச்சரவுக்காக 3 பேர், மனைவியை அடித்ததற்காக ஒருவர், வேண்டுமென்றே பொய் சொல்லி வந்ததற்காக 3 பேர், பழிதூற்றியதற்காக 4 பேர், சோம்பலுக்காக ஒருவர். எஞ்சிய 29 பேர் நீக்கப்பட்டது, பொறுப்பற்ற அசட்டைப் போக்குக்காக. ஏறத்தாழ பாதிப்பேர் எந்தப் பெருங்குற்றமும் செய்யாமல், சும்மா இருந்தே வெளியேறியிருக்கிறார்கள். விசுவாசம் கெடுவதற்குப் பாவம் தேவையில்லை, கவனமின்மையே போதும் என்ற பழைய எச்சரிக்கைக்கு இதைவிடத் துல்லியமான கணக்கு கிடைப்பது அரிது.

தாமாக விலகிய 76 பேரின் பட்டியல் இன்னும் சுவையானது. சங்கத்தில் இருந்தால் தங்கள் போதகர் திருவிருந்து தர மறுக்கிறார் என்பதால் 14 பேர், கணவனோ மனைவியோ ஒப்பாததால் 9 பேர், பெற்றோர் ஒப்பாததால் 12 பேர், எசமானர் ஒப்பாததால் 5 பேர், நண்பர்கள் தடுத்ததால் 7 பேர் என்று முதல் 47 பேரும் மனிதரின் வற்புறுத்தலால் விலகியவர்கள். ஏளனத்துக்கு அஞ்சி 9 பேர், ஏழைகளுக்குரிய உதவித்தொகை போய்விடுமே என்று 3 பேர், நேரமில்லை என்று 3 பேர், தூரம் அதிகம் என்று 2 பேர். கடவுளுக்கு ஊழியம் செய்ய இன்னும் காலம் இருக்கிறது என்று ஒருவர். குறிப்பிட்ட ஒரு மனிதர் சங்கத்தில் இருக்கிறார் என்பதற்காகவே வெளியேறியவர்கள் 2 பேர்; இந்தக் காரணத்தை அறியாத சபை இன்றும் எந்த ஊரிலும் இருக்காது. கொள்கையை மறுத்து விலகியவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். சுற்றத்தார் பெயர்த்தெடுத்த விசுவாசத்தைச் சுற்றம் ஒன்றுதான் மீண்டும் ஊன்ற முடியும் என்ற வெஸ்லியின் தீர்மானத்துக்கு இக்கணக்கு வலுச் சேர்த்திருக்க வேண்டும்.

அந்தத் தீர்மானம் இருபது ஆண்டுகளுக்குப் பின் மேலும் கடுமையாக வெளிப்பட்டது. 1763 ஆகஸ்டில் வேல்ஸ் நாட்டின் பெம்புரோக்‌ஷயர் பகுதிக்குச் சென்ற வெஸ்லி, இருபது ஆண்டுகளாக அங்கே ஏராளமான பிரசங்கங்கள் நடந்தும், ஒழுங்கான சங்கமும் கட்டுப்பாடும் இல்லாததால், ஒருகாலத்தில் விழித்தெழுந்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் முன்னைவிட ஆழ்ந்து உறங்குகிறார்கள் என்று எழுதினார். அவரைவிடச் சிறந்த பேச்சாளராகக் கருதப்பட்ட விட்ஃபீல்ட், பிற்காலத்தில் தம் மக்களை மணற்கயிறு என்று வருத்தத்தோடு சொன்னதாக ஒரு மரபுச் செய்தி உண்டு. மணலைக் கயிறாகத் திரிக்க முடியாது என்பதைத் தமிழர் நன்கு அறிவர்.

இங்கே இறையியல் நோக்கில் ஒரு தடை எழுகிறது. மீட்பு என்பது கடவுளின் கிருபையால், அதாவது தகுதி பாராமல் அளிக்கப்படும் அருளால், கிடைப்பது என்பது சீர்திருத்தத் திருச்சபைகளின் அடிப்படைக் கோட்பாடு. அப்படியானால் விதிகளும் கேள்விகளும் மனித முயற்சியைக் கிருபையின் இடத்தில் வைக்கவில்லையா என்று கேட்கலாம். இக்கேள்வி வெஸ்லியின் காலத்திலேயே பிளவை உண்டாக்கியது. லண்டனில் ஃபெட்டர் லேன் சங்கத்தில் சிலர், முழு நிச்சயமான விசுவாசம் கிடைக்கும்வரை செபம், வேத வாசிப்பு, திருவிருந்து ஆகியவற்றைக் கைவிட்டு அமைதியாகக் காத்திருக்க வேண்டும் என்று போதித்தனர். 'அசையாதிருத்தல்' எனப்பட்ட இக்கருத்தை ஏற்காமல் 1740 ஜூலையில் வெஸ்லி அங்கிருந்து விலகினார். அவர் தந்த விடை, இவை 'கிருபையின் சாதனங்கள்' என்பது: கிருபையை விலைகொடுத்து வாங்கும் கருவிகள் அல்ல, கிருபை வழக்கமாக வரும் வாய்க்கால்கள். வாய்க்காலை வெட்டுகிறவர் ஆற்றை உண்டாக்குவதில்லை. அதற்காக வெட்டாமல் இருப்பவருடைய வயலில் நீர் பாய்வதும் இல்லை. ஒருவரைக் கடவுள் நீதிமானாக ஏற்றுக்கொள்ளுதல் ஒரு கணத்தில் நிகழக்கூடியது என்றும், அவர் உள்ளும் புறமும் மாறும் 'பரிசுத்தமாகுதல்' வாழ்நாள் நெடுகத் தொடர்வது என்றும் அவர் பிரித்துக் காட்டியதும் இதை ஒட்டியதே.

இந்த விளக்கம் ஏட்டளவில் நின்றுவிடவில்லை என்பதற்கு அவருடைய வாழ்க்கையே சான்று, சற்றுக் கசப்பான சான்று. 1766 ஜூனில் சார்லஸுக்கு எழுதிய கடிதத்தில், தாம் கடவுளை நேசிக்கவில்லை, ஒருபோதும் நேசித்ததில்லை, கிறிஸ்தவப் பொருளில் விசுவாசித்ததும் இல்லை என்று, மிக அந்தரங்கமான சொற்களை மறைகுறிப்பாக எழுதி ஒப்புக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 63. பிரசங்கப் பயணங்களை அவர் நிறுத்தவில்லை, வகுப்புகளை விசாரிப்பதையும் விடவில்லை. இதைப் போலித்தனம் என்று சிலர் கருதலாம். ஆனால் 'ஹுபொமொனே' என்ற சொல்லின் நேர்ப்பொருளை நினைத்துப் பார்ப்பவருக்கு, சுமையின் கீழே தங்கியிருத்தல் என்பது ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும் என்று தோன்றும். எல்லாக் களத்திலும் அவர் இவ்வாறு நின்றார் என்றும் சொல்வதற்கில்லை; 1751இல் செய்துகொண்ட திருமணம் கசந்து முறிந்தது, 1781இல் மனைவி இறந்த செய்தி அடக்கம் முடிந்த பின்னரே அவருக்கு எட்டியது. ஊராரின் வீட்டு வாசலில் கேட்கச் சொன்ன கேள்வியைத் தம் வீட்டு வாசலில் கேட்க அவரால் இயலாமற்போனது, முறைமையின் குறையா மனிதரின் குறையா என்பது விவாதத்துக்குரியது.

1791 மார்ச் 2 அன்று 87ஆம் வயதில் வெஸ்லி இறந்தபோது, பிரிட்டிஷ் தீவுகளில் மட்டும் ஏறத்தாழ 72,000 பேர் சங்க உறுப்பினராக இருந்தனர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வகுப்புத் தலைவரின் கருத்தைக் கேட்டு, ஒவ்வோர் உறுப்பினருக்கும் சிறு அச்சுச்சீட்டு ஒன்று வழங்கப்பட்டுவந்தது. சீட்டு புதுப்பிக்கப்படாதவர் உறுப்பினர் அல்லர். கண்டிப்பான இந்த ஏற்பாடு காவல்துறை விசாரணையாக மாறும் ஆபத்தை உடையது என்பதும், கேள்வி வாராவாரம் ஒன்றே ஆகும்போது விடையும் மனப்பாடமாகிவிடும் என்பதும் மறுக்க முடியாதவை. 19ஆம் நூற்றாண்டில் மெதடிஸ்ட் குடும்பங்கள் வசதி பெறப் பெற, பிறர் முன்னிலையில் தம் வாரத்தை விரித்துச் சொல்லும் பழக்கம் கூச்சத்துக்குரியதாகி, வகுப்புக் கூட்டம் படிப்படியாகத் தளர்ந்தது.

இதற்கிடையே அந்த மரபு தமிழ் பேசும் நிலத்தையும் அடைந்திருந்தது. 1814இல் இலங்கைக்கு வந்த வெஸ்லியன் தொண்டர்களுள் ஜேம்ஸ் லிஞ்ச் என்பவர் யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய பின் 1817இல் சென்னைக்கு வந்தார். அந்தப் பணியின் வழிவந்த சபைகள் 1947இல் தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்தன. ஆண்டின் தொடக்கத்தில் பல சபைகளில் நடைபெறும் உடன்படிக்கை ஆராதனை, வெஸ்லி 1755இல் லண்டனில் நடத்திய ஆராதனையின் வழிவந்தது. டிசம்பர் 31 நள்ளிரவில் தமிழ்க் கோயில்கள் நிரம்பி வழியும் ஆராதனைக்கும் மொரேவியரையும் மெதடிஸ்டுகளையும் சார்ந்த வேர் உண்டு. முன்பு சனிக்கிழமை இரவுகளைச் சாராயக் கடையில் கழித்த கிங்ஸ்வுட் சுரங்கத் தொழிலாளிகள், அதே இரவுகளைச் செபத்தில் கழிக்கத் தொடங்கியதைக் கண்டே வெஸ்லி அவ்வழக்கத்தை 1742இல் தம் சங்கங்களில் ஏற்றார். அன்றைய தொழிலாளிகளின் அந்த இரவு இன்று ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது. புத்தாடை, வாக்குத்தத்த வசன அட்டை, விடிந்ததும் கேக் என்று அதற்குத் தமிழ் அடையாளங்களும் சேர்ந்துவிட்டன. வீட்டு ஜெபக்கூட்டங்களும் தெருத்தெருவாக நடக்கின்றன. பாடல் உண்டு, வேத வாசிப்பு உண்டு, நோயாளிகளுக்காகவும் பிள்ளைகளின் தேர்வுக்காகவும் விண்ணப்பம் உண்டு, முடிவில் தேநீரும் உண்டு. கேப்டன் ஃபோய் எழுதிக்கொண்ட பதினொருவரிடம் கேட்கப்பட்ட கேள்வி மட்டும் அந்த நிகழ்ச்சி நிரலில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.